ஆண்ட்ராய்டும் ஐஃபோனும் வேண்டாம் என்பவர்களுக்கும் கொஞ்சம் இடம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புது ஸ்மார்ட்ஃபோன் வாங்குவது எப்படி என்று உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் வந்த கட்டுரையை ஒரு வரி விடாமல் படித்தேன். கேமரா, பேட்டரி, திரை பற்றியெல்லாம் சொன்னது சரிதான். ஆனால் ஆரம்பத்திலேயே "ஆண்ட்ராய்டா, ஐஃபோனா, முதலில் இதை முடிவு செய்யுங்கள்" என்று சொல்லிவிட்டு, அதற்கு வெளியே எதுவுமே இல்லாத மாதிரி முடித்துவிட்டீர்கள். இருக்கிறது. கூகுள் இல்லாத ஃபோனைத்தான் நான் அன்றாடம் வைத்திருக்கிறேன், லினக்ஸ் என்ற திறந்த இயங்குதளம் ஓடும் ஃபோன் ஒன்றும் மேசையில் கிடக்கிறது, அதனால் அந்தக் கட்டுரை விட்டதை நானே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நீளமாகப் போனால் வெட்டிக்கொள்ளுங்கள், வங்கி ஆப் பற்றிய பகுதியை மட்டும் விட்டுவையுங்கள், சொல்ல வந்ததே அதுதான்.

எல்லோரும் மாறுங்கள் என்று நான் சொல்லவில்லை. "எனக்கு எந்தத் தொல்லையும் வரக்கூடாது, வாங்கினோமா பேசினோமா என்று இருக்கணும்" என்று யாராவது என்னிடம் கேட்டால் பேசாமல் வழக்கமான ஃபோனையே வாங்கச் சொல்வேன். ஆனால் அந்த இரண்டு கம்பெனியும் வேண்டாம் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தமிழில் கிடைப்பது ஒன்று கிண்டல், இல்லையென்றால் பக்திப் பரவசம். நடுவில் நிதானமாக யாரும் எழுதுவதில்லை.

ஏன் வேண்டாம் என்கிறார்கள் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சியெல்லாம் வேண்டியதில்லை, ஆனால் ஒரு ஆராய்ச்சி இருக்கவே இருக்கிறது. டப்ளின் டிரினிட்டி கல்லூரிப் பேராசிரியர் டக்ளஸ் லீத் 2021ல் ஆண்ட்ராய்டு ஃபோனையும் ஐஃபோனையும் எடுத்துக்கொண்டு, அணைக்க முடிந்த அமைப்புகளையெல்லாம் அணைத்துவிட்டு, சும்மா வைத்துவிட்டு, என்னென்ன வெளியே போகிறது என்று அளந்தார். யாரும் தொடாமல் கிடக்கும்போதும் சராசரியாக 4.5 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டுமே தங்கள் கம்பெனிக்குத் தகவல் அனுப்பிக்கொண்டிருந்தன. கூகுளுக்குப் போகும் அளவு ஆப்பிளுக்குப் போவதைவிடச் சுமார் 20 மடங்கு என்றும் சொன்னார், அந்த அளவீட்டு முறையைக் கூகுள் ஏற்கவில்லை, அது தனிக் கதை. இது போக இன்னொரு காரணம்: ஃபோன் நல்லாத்தான் இருக்கும், திரை உடையவில்லை, பேட்டரியும் நிற்கிறது, ஆனால் அப்டேட் நின்றுவிட்டது என்பதற்காகத் தூக்கிப் போட வேண்டியிருக்கிறது. என்னை இழுத்தது இந்த இரண்டாவது காரணம்தான்.

சரி, மூன்றாவதாக ஒன்று ஏன் நிலைக்கவில்லை? "மக்களுக்குப் பிடிக்கவில்லை" என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறார்கள், அது பாதிதான் உண்மை. நோக்கியா என்9 என்று ஒரு ஃபோன் 2011ல் வந்தது, மீகோ என்ற லினக்ஸ் ஓஎஸ் (இயங்குதளம்), முகப்பில் ஒரு பட்டன்கூட கிடையாது, விரலை ஓரத்திலிருந்து இழுத்தே எல்லாம் செய்யலாம். ஐஃபோன் அந்த வழிக்கு வந்தது 2017ல். ஆனால் என்9 வெளிவருவதற்கு முன்பே, அந்த வருடம் பிப்ரவரியிலேயே, இனி நாங்கள் விண்டோஸ் ஃபோன் பக்கம் என்று நோக்கியாவின் தலைவர் ஸ்டீபன் எலோப் அறிவித்தாகிவிட்டது. பிறக்கும் முன்பே கைகழுவிய பிள்ளை எப்படிப் பிழைக்கும்?

விண்டோஸ் ஃபோன் கதை அதைவிட மோசம். 2012 ஏப்ரலில் லூமியா 900 கடைக்கு வந்தது, ஜூனிலேயே மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் ஃபோன் 8 வருகிறது, பழைய ஃபோன்களுக்கு அது கிடைக்காது என்று சொல்லிவிட்டது. வாங்கியவர்கள் வயிறெரியாமல் என்ன செய்வார்கள்? ஆப்களும் வந்து சேரவில்லை. யூடியூபுக்குக் கூகுள் ஆப் செய்து தரவில்லை, மைக்ரோசாஃப்ட் தானே ஒன்று செய்து போட்டது, அதை 2013ல் கூகுள் முடக்கியது. யார் பக்கம் நியாயம் என்பதை விடுங்கள், யூடியூப் ஓடாத ஃபோனை யார் வாங்குவார்கள்?

இன்னொன்று அதிகம் பேர் அறியாதது. 2012 செப்டம்பரில் ஏசர் கம்பெனி, அலிபாபாவின் அலியுன் ஓஎஸ் போட்ட ஃபோன் ஒன்றை வெளியிடவிருந்தது, கடைசி நேரத்தில் விழாவையே ரத்து செய்தார்கள், ஆண்ட்ராய்டு கூட்டணியில் இருந்துகொண்டு இதைச் செய்யக் கூடாது என்று கூகுள் தரப்பிலிருந்து அழுத்தம். 2018 ஜூலையில் ஐரோப்பிய ஆணையம் கூகுளுக்கு 434 கோடி யூரோ அபராதம் போட்டதே, அதற்குச் சொன்ன காரணங்களில் இதுவும் ஒன்று: பிளே ஸ்டோர் வேண்டும் என்கிற ஃபோன் தயாரிப்பாளர், கூகுள் ஒப்புக்கொள்ளாத ஆண்ட்ராய்டு வடிவத்தில் ஒரு ஃபோன்கூட விற்கக் கூடாது என்று ஒப்பந்தம் வைத்திருந்தார்கள். 2022ல் நீதிமன்றம் தொகையை 412.5 கோடியாகக் கொஞ்சம் குறைத்தது, தீர்ப்பின் பெரும்பகுதி அப்படியே நின்றது. ஆக, மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை என்பதற்கு முன்னால், தேர்ந்தெடுக்க மக்கள் முன்னால் வைத்தார்களா என்று கேட்க வேண்டும்.

செத்ததெல்லாம் முழுதாகவும் சாகவில்லை. மீகோவில் வேலை பார்த்தவர்கள் வெளியேறி ஆரம்பித்த யோலா என்ற ஃபின்லாந்துக் கம்பெனிதான் இன்றைக்குச் செயில்ஃபிஷ் ஓஎஸ்ஸை நடத்துகிறது. ஃபயர்ஃபாக்ஸ் ஓஎஸ் கைஓஎஸ் ஆகி பட்டன் ஃபோன்களுக்குள் போனது. வெப்ஓஎஸ் எல்ஜி டிவியில், டைசன் சாம்சங் டிவியில். ஃபோனில் தோற்றதெல்லாம் டிவியில் போய்க் குடியேறிவிட்டது, நிறைய பேர் தினமும் அதைப் பார்த்துக்கொண்டே "அந்த இரண்டைத் தவிர வேறு ஏது" என்கிறார்கள்.

இன்றைக்கு என்னென்ன இருக்கிறது என்று வருகிறேன். முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். ஆண்ட்ராய்டு வேறு, கூகுள் வேறு. ஆண்ட்ராய்டின் அடிப்படை நிரல் திறந்த மூலம், யாரும் எடுத்துத் தொகுத்துக்கொள்ளலாம். அதன் மேல் பிளே ஸ்டோர், பிளே சர்வீசஸ் என்று கூகுள் வைக்கும் அடுக்குதான் மூடியது, இருப்பிடம், நோட்டிபிகேஷன், கணக்கு எல்லாம் அதன் வழியாகப் போகிறது. அந்த அடுக்கை உருவிவிட்டால் கிடைப்பது லீனேஜ்ஓஎஸ் மாதிரியான ஒன்று, சயனோஜன்மாட் என்ற பழைய திட்டம் 2016 டிசம்பரில் மூடப்பட்டபோது அதன் தொடர்ச்சியாக வந்தது. கிராஃபீன்ஓஎஸ் பாதுகாப்பில் கெட்டி, ஆனால் இதுவரை கூகுளின் பிக்ஸல் ஃபோன்களில் மட்டும்தான் ஓடுகிறது, கூகுளிடமிருந்து தப்பிக்கக் கூகுளிடமே ஃபோன் வாங்கும் வேடிக்கையைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். முன்பு மாண்ட்ரேக் லினக்ஸை உருவாக்கிய கேல் டுவால் தொடங்கிய ஈ ஓஎஸ்ஸும் இருக்கிறது, ஃபேர்ஃபோன் போன்றவற்றில் ஏற்றியே விற்கிறார்கள். பிளே சர்வீசஸ் செய்யும் வேலையில் ஒரு பகுதியைத் திறந்த நிரலாகச் செய்துதரும் மைக்ரோஜி இதில் கூடவே வரும், அதனால் பல ஆப்கள் ஏமாந்து ஓடிவிடும்.

இதையெல்லாம் மாற்று என்று ஒத்துக்கொள்ளாத சுத்த லினக்ஸ்காரர்கள் உண்டு. அவர்கள் சொல்வதிலும் அர்த்தம் இருக்கிறது. 2025லிருந்து ஆண்ட்ராய்டின் வளர்ச்சி வேலை முழுவதையும் கூகுள் உள்ளேயே வைத்துக்கொண்டது, முடிந்த பிறகு நிரலை வெளியிடுகிறது. போதாததற்கு, கூகுள் சான்று பெற்ற ஃபோன்களில், அடையாளத்தைப் பதிவு செய்த டெவலப்பர்களின் ஆப்களைத்தான் நிறுவ முடியும் என்று 2025 ஆகஸ்டில் அறிவித்தது, 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்தில் தொடக்கம் என்றது. எதிர்ப்பு கிளம்பியதும், விஷயம் தெரிந்தவர்களுக்குத் தனி வழி விடுகிறோம் என்று இறங்கி வந்தது. ஊற்று அவர்கள் கையில் இருக்கும்வரை கூகுள் இல்லாத ஆண்ட்ராய்டும் அவர்கள் தயவில்தான். ஆனாலும் நாளைக்கே மாற வேண்டும் என்று ஒருவர் கேட்டால் நான் கைகாட்டுவது இந்தப் பக்கம்தான்.

உண்மையிலேயே வேறு ஓஎஸ் என்றால் செயில்ஃபிஷ், உபுண்டு டச், போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ், பியூர்ஓஎஸ். செயில்ஃபிஷ் இதில் அதிகம் பக்குவப்பட்டது, உரிமம் வாங்கினால் ஆண்ட்ராய்டு ஆப்களை ஓட்டும் அடுக்கும் சேர்ந்து வரும், ஆனால் அதன் முகப்புப் பகுதியின் பெரும்பாகம் மூடிய நிரல் என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். உபுண்டு டச்சை அதை உருவாக்கிய கனோனிக்கல் கம்பெனியே 2017ல் கைவிட்டது, யூபிபோர்ட்ஸ் என்ற தன்னார்வக் குழு எடுத்து வளர்க்கிறது. பாராட்ட வேண்டிய உழைப்பு, ஆனால் கைகள் குறைவு என்பது அப்டேட்டில் தெரிந்துவிடும். அடியில் இருந்த உபுண்டு லினக்ஸின் 16.04 பதிப்புக்கு வழக்கமான ஆதரவு 2021 ஏப்ரலில் முடிந்தது, உபுண்டு டச் 20.04க்கு மாறியது 2023 மார்ச்சில். போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் 2017ல் தொடங்கியது, ஒரு ஃபோன் 10 வருடம் உழைக்க வேண்டும் என்பது அவர்கள் லட்சியம், எனக்கு மிகவும் பிடித்த திட்டம், ஆனால் அன்றாடம் பேசுகிற ஃபோனில் போடச் சொல்லி யாரிடமும் இன்னும் சொல்ல மாட்டேன்.

ஹுவாவேயின் ஹார்மனி ஓஎஸ்ஸை ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். 2019ல் அமெரிக்கத் தடையால் கூகுள் சேவைகளை இழந்த கம்பெனி, 2024 அக்டோபரில் ஆண்ட்ராய்டு ஆப்பே ஓடாத சொந்த ஓஎஸ்ஸை வெளியிட்டது, சாதனைதான். ஆனால் அது மூன்றாவது பெரிய கம்பெனி, அவ்வளவே. ஒரு ஜமீனிலிருந்து இன்னொரு ஜமீனுக்குக் குடிபோக விரும்புகிறவர்கள் தாராளமாகப் போகலாம்.

இவ்வளவு ஓஎஸ் இருக்கிறதே, எந்த ஃபோனிலும் போட்டுக்கொள்ள வேண்டியதுதானே, கணினியில் அப்படித்தானே செய்கிறோம் என்று தோன்றும். இங்கேதான் சிக்கல். கணினியில் எந்த ஓஎஸ் வந்தாலும் இயந்திரத்திடம் பேச ஏறக்குறைய ஒரே முறை உண்டு, ஃபோனில் அப்படி எதுவும் கிடையாது. சிப் தயாரிப்பாளர், அந்த ஒரு மாடலுக்கு, ஆண்ட்ராய்டுக்கும் அடியில் ஓடும் லினக்ஸ் கெர்னல் என்ற மையப் பகுதியின் ஒரு குறிப்பிட்ட பதிப்புக்கு டிரைவர்களை (பாகங்களை இயக்கும் நிரல்களை) எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த சிப்புக்குப் போய்விடுவார். கேமரா, மோடம் (நெட்வொர்க்கோடு பேசும் பாகம்), கிராஃபிக்ஸ் எல்லாம் அந்தப் பழைய கெர்னலோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். உபுண்டு டச், செயில்ஃபிஷ் இரண்டும் பெரும்பாலான ஃபோன்களில் என்ன செய்கின்றன என்றால், ஆண்ட்ராய்டுக்கு எழுதிய அந்த டிரைவர்களையே அடியில் வைத்துக்கொண்டு மேலே தங்கள் ஓஎஸ்ஸை ஓட்டுகின்றன. மேலே பார்த்தால் புது வீடு, அஸ்திவாரம் பழையது. போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ்காரர்கள் முடிந்தவரை அசல் லினக்ஸ் கெர்னலுக்கே டிரைவர்களைக் கொண்டுவரப் பார்க்கிறார்கள், அதனால்தான் அங்கே ஒரு ஃபோனில் கேமரா வேலை செய்யாது, இன்னொன்றில் ஜிபிஎஸ் இருக்காது.

லினக்ஸுக்கென்றே பிறந்த ஃபோன்களும் உண்டு. பைன்ஃபோனின் பின்மூடியைக் கழற்றினால் கேமரா பக்கத்தில் வரிசையாகக் குட்டிக் குட்டி ஸ்விட்சுகள், மோடம், வைஃபை, மைக், பின் கேமரா, முன் கேமரா என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக அணைக்கலாம், பேனா முனையால்தான் தள்ள முடியும், அவ்வளவு சின்னது. மைக்கை அணைத்தால் அணைந்ததுதான், எந்த ஆப்பும் திருட்டுத்தனமாக எழுப்ப முடியாது. பேட்டரியை நாமே மாற்றலாம், சாம்சங் ஜே7க்கு வரும் அதே வடிவம். பியூரிசம் கம்பெனியின், பியூர்ஓஎஸ் ஓடும் லிப்ரம் 5ல் அந்த ஸ்விட்சுகள் வெளியிலேயே, பக்கவாட்டில் மூன்று, மூன்றையும் அணைத்தால் ஜிபிஎஸ், சென்சார்கள்கூட உறங்கிவிடும். வேறு எந்தப் பெரிய கம்பெனியாவது இதைத் தருமா?

ஆனால் பைன்ஃபோனில் இருப்பது ஆல்வின்னர் ஏ64 என்ற மெதுவான சிப், வெப் பக்கம் திறக்கப் பொறுமை வேண்டும். பேட்டரியை மிச்சப்படுத்த ஃபோன் உறங்கும், அழைப்பு வந்தால் மோடம் எழுப்ப வேண்டும், எழுந்து மணி அடிப்பதற்குள் அந்தப் பக்கம் வைத்துவிடுவார்கள். லிப்ரம் 5க்கு 2017ல் முன்பணம் வசூலித்து 2019 ஜனவரியில் தருவதாகச் சொன்னார்கள், முழு அளவில் அனுப்ப ஆரம்பிக்கவே 2020 கடைசி ஆகிவிட்டது. இன்னொரு விஷயம், எவ்வளவு திறந்த ஃபோனாக இருந்தாலும் மோடத்துக்குள் ஓடுவது ஃபர்ம்வேர் என்ற மூடிய உள்நிரல்தான். பைன்ஃபோனின் மோடத்துக்குள் தனியாக ஒரு லினக்ஸே ஓடிக்கொண்டிருக்கிறது, அதைத் தோண்டி ஒரு பகுதியைத் திறந்த நிரலாக மாற்றிய ஆர்வலர்களும் இருக்கிறார்கள், கடைசி அடுக்கு மட்டும் அவர்களுக்கும் பிடிகொடுக்கவில்லை.

ஃபோன் என்றால் முதலில் பேச வேண்டுமே! இதை யாரும் எச்சரிப்பதில்லை, அதனால் அழுத்திச் சொல்கிறேன். பழைய 2ஜி, 3ஜி அலைவரிசைகளை நிறுவனங்கள் மூடிக்கொண்டே வருகின்றன. அதற்குப் பிறகு குரல் அழைப்பு 4ஜி வழியாகத்தான், வோல்ட்இ என்று சொல்வது. அது ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் ஒவ்வொரு விதமான அமைப்பு கேட்கும், பல மாற்று ஓஎஸ்களில் சில மாடல்களில் மட்டும் வேலை செய்யும். இணையம் பறக்கும், அழைப்பு மட்டும் போகாது. வாங்குவதற்கு முன், அந்த மாடலில், அந்த ஓஎஸ்ஸில், நீங்கள் வைத்திருக்கும் சிம்மில் வோல்ட்இ ஓடுகிறதா என்று ஏற்கனவே வைத்திருப்பவர் ஒருவரைக் கேட்டுவிடுங்கள். கேமரா மெகாபிக்ஸலை அப்புறம் பார்க்கலாம்.

இனி வங்கி. கூகுள் நீங்கிய என் ஃபோனில் என் வங்கியின் ஆப்பைத் திறந்தால், லோகோ தெரிகிறது, ஒரு வட்டம் சுற்றுகிறது, "உங்கள் சாதனம் பாதுகாப்பானதல்ல" என்று ஒரு வரி, ஆப் தானே மூடிக்கொள்கிறது. இத்தனைக்கும் அந்த மாதப் பாதுகாப்பு அப்டேட் வரைக்கும் போட்ட ஃபோன் அது. வாடிக்கையாளர் சேவையில் கேட்டால் "ஃபேக்டரி ரீசெட் பண்ணிப் பாருங்க சார்" என்கிறார்கள். அலமாரியில் இன்னொரு பழைய ஃபோன் கிடக்கிறது, தயாரிப்பாளர் அப்டேட் கொடுப்பதை நிறுத்தி வருடக்கணக்காகிறது, தெரிந்த ஓட்டைகள் அதில் எத்தனையோ. அதில் அதே ஆப் மறுபேச்சில்லாமல் திறக்கிறது.

ஏன் இப்படி? ஆப் நேரடியாக ஃபோனைப் பரிசோதிப்பதில்லை, கூகுளைக் கேட்கிறது. முன்பு சேஃப்டிநெட் என்றார்கள், இப்போது பிளே இன்டெக்ரிட்டி. "இது நான் சான்று கொடுத்த ஃபோன்தானா" என்பதற்குக் கூகுள் பதில் சொல்லும். வங்கி எவ்வளவு கறாராகக் கேட்கிறது என்பதைப் பொறுத்துக் கொஞ்சம் வித்தியாசப்படும், ஆனால் வழக்கமான அளவில், சான்று இருக்கும் ஓட்டை ஃபோன் தேறிவிடும், சான்று இல்லாத புது அப்டேட் ஃபோன் தோற்றுவிடும். பாதுகாப்புக்காக என்று சொல்லிக்கொண்டு வங்கி உண்மையில் கேட்பது உரிமப் பத்திரத்தைத்தான்.

வங்கி பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு, மறைக்கவில்லை. பூட்லோடர், அதாவது ஃபோன் எழும்போது ஓஎஸ்ஸை ஏற்றும் நிரல், பூட்டாமல் திறந்து கிடக்கும் ஃபோனில் யாராவது ஓஎஸ்ஸையே மாற்றி வைத்துவிடலாம், லீனேஜ் போட்ட பல ஃபோன்களில் அதைத் திரும்பப் பூட்ட முடியாது. லினக்ஸ் ஃபோன்களில் ஒரு ஆப்பிடமிருந்து இன்னொரு ஆப்பைப் பிரித்து வைக்கும் வேலி ஆண்ட்ராய்டு அளவுக்கு உறுதியில்லை. அந்தரங்கம் காக்கிற ஃபோன் வேறு, திருடனைத் தடுக்கிற ஃபோன் வேறு, இரண்டையும் ஒன்றென்று நினைத்து மாறுபவர்களைப் பார்த்தால் எனக்கே பயமாக இருக்கிறது. ஆனால் கிராஃபீன் மாதிரி பூட்லோடரைப் பூட்டியே வைத்திருக்கும் ஓஎஸ்ஸையும் அல்லவா பல ஆப்கள் வெளியே தள்ளுகின்றன? கூகுளைக் கேட்காமல், ஃபோனுக்குள் இருக்கும் பாதுகாப்புச் சிப்பின் கையெழுத்தைச் சரிபார்க்க ஆண்ட்ராய்டிலேயே வசதி இருக்கிறது, விரும்பினால் எந்த வங்கியும் அதைப் பயன்படுத்தலாம். அதுவும் வேண்டாமா, ஓடிபி எண்ணை நேரத்தை வைத்துக் கணக்கிடும் பொதுத் தரம் 2011லிருந்தே இருக்கிறது, எந்த ஓஎஸ்ஸிலும் ஓடும். யுஎஸ்பி பாதுகாப்புச் சாவியை பிரௌசரிலேயே பயன்படுத்தும் வெப்ஆத்தன் தரம் 2019ல் முறைப்படி வந்துவிட்டது. வழி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

எனக்கு நெட்பேங்கிங் பிரௌசரில் ஓடுவதால் பிழைத்துக்கொண்டேன். ஆனால் அதற்குள் நுழையவும் ஆப்பில் ஒப்புதல் கொடு என்கிற இடங்கள் பெருகுகின்றன, வங்கி மட்டுமல்ல, அரசுச் சேவை, டிக்கெட், மருத்துவமனைப் பதிவு என்று எல்லாமே ஆப்புக்குள் போகிறது. ஒரு குடிமகன் தன் பணத்தைத் தொட, தன் அரசிடம் விண்ணப்பிக்க, இரண்டு தனியார் கம்பெனிகளில் ஒன்றோடு கணக்கு வைத்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டசபை தீர்மானம் போட்டது? யாரும் போடவில்லை, ஆப் எழுதிய ஒப்பந்ததாரர் ஒரு டிக் அடித்தார், அவ்வளவுதான்.

வாட்ஸ்அப் இன்னொரு முட்டுக்கட்டை. விண்டோஸ் ஃபோனை 2019 கடைசியில் கைவிட்டது. கைஓஎஸ்ஸுக்கு 2018ல் வந்தது, 2024ல் புதிதாக நிறுவ முடியாமல் போனது. கணினியில் இணைத்து வைத்துக்கொள்ளலாமே என்றால், முதன்மை ஃபோனை 14 நாளுக்கு மேல் திறக்காவிட்டால் இணைத்த சாதனங்கள் வெளியேற்றப்படும். லினக்ஸ் ஃபோனில் வேட்ராய்டு என்று ஆண்ட்ராய்டையே ஒரு பெட்டிக்குள் ஓட்டி, அதற்குள் வாட்ஸ்அப்பைப் போடுபவர்கள் இருக்கிறார்கள். ஓடும், ஆனால் ஃபோன் உறங்கினால் செய்தி வராது, விழித்தால் பேட்டரி இருக்காது. குடும்பத்தார் மொத்தப் பேரையும் சிக்னல் என்ற செய்தி ஆப்புக்கு மாற்றுவேன் என்று கிளம்பியவர்களை எனக்குத் தெரியும், நல்ல மனிதர்கள், இப்போது அவர்களுக்கு யாரும் கல்யாணப் பத்திரிகை அனுப்புவதில்லை.

தமிழ் பற்றி ஒரு வார்த்தை, உங்கள் வாசகர்களுக்கு இது முக்கியம். தமிழ் படிப்பதில் பெரும்பாலும் சிக்கல் வராது. ‘கொ’ என்று எழுதினால் கொம்பும் காலும் எழுத்தின் இரண்டு பக்கமும் சரியாகப் போய் உட்கார வேண்டும், அந்த வேலையைச் செய்யும் ஹார்ஃப்பஸ் என்ற திறந்த நிரல் லினக்ஸ் உலகம் முழுக்க இருக்கிறது, நோட்டோ எழுத்துருவும் இலவசம். தட்டெழுதுவதில்தான் அடி விழும். கூகுள் இல்லாத ஆண்ட்ராய்டில் இண்டிக் கீபோர்டு போட்டுத் தமிழ்99ல் அடிக்கலாம், நான் அப்படித்தான் அடிக்கிறேன், குரல் தட்டச்சை மட்டும் மறந்துவிட வேண்டும். லினக்ஸ் ஃபோன்களில் ஓஎஸ்ஸுக்கு ஓஎஸ் கீபோர்டு வேறு, தமிழ் விசைப்பலகை இருக்கிறதா, சொல் பரிந்துரை வருகிறதா என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். இல்லாவிட்டால் அதைச் செய்துகொடுக்க நம் பிள்ளைகளுக்குத் தெரியாதா என்ன, விசை வரிசையை ஒரு கோப்பில் எழுதிச் சேர்க்கும் வேலைதான் பெரும்பாலும்.

அப்படியானால் எப்படித் தேர்ந்தெடுப்பது? ஃபோனிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். இப்போது கையில் இருக்கும் ஃபோனைத் திறந்து, இது இல்லாமல் முடியவே முடியாது என்கிற ஆப் எவை என்று எழுதுங்கள், நேர்மையாக எழுதினால் பட்டியல் சின்னதாகத்தான் வரும். அதில் பிரௌசரில் முடிகிறவற்றை அடித்துவிடுங்கள். மிச்சத்தில் வங்கி ஆப் இருந்தால் லினக்ஸ் ஃபோன் உங்களுக்கு இரண்டாவது ஃபோனாக மட்டுமே ஆகும், கூகுள் இல்லாத ஆண்ட்ராய்டையும் அந்த ஆப் ஓடுகிறதா என்று விசாரித்த பிறகே தொடுங்கள். அப்புறம் ஓஎஸ், கடைசியில் மாடல். லீனேஜ், உபுண்டு டச், போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் மூன்றுமே எந்தெந்த ஃபோனில் ஓடும் என்று பட்டியல் வைத்திருக்கின்றன, கடைசி இரண்டில் என்ன ஓடும் என்ன ஓடாது என்பதும் மாடல்வாரியாக இருக்கும். "ஆரம்ப நிலையில்" என்று போட்டிருந்தால் விளையாட மட்டும். ஏற்றியே விற்கும் ஃபோன் கிடைத்தால் அது நல்லது, இல்லையென்றால் பூட்லோடர் திறக்கும் மாடலா என்று முதலில் பாருங்கள். ஹுவாவே 2018லேயே திறக்கும் குறியீடு தருவதை நிறுத்திவிட்டது, ஒரே மாடல் பெயரில் ஒரு நாட்டுப் பதிப்பு திறக்கும், இன்னொன்று திறக்காது என்பதும் உண்டு. திறந்த பிறகு சில திரைப்படச் சேவைகள் மங்கலான தரத்தில்தான் படம் காட்டும், அதற்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். வாராவாரம் ஃபோன் விமர்சனத்தின் கடைசியில் ஒரு கட்டம் போடுகிறீர்கள் அல்லவா, கேமரா இவ்வளவு, ரேம் இவ்வளவு என்று. அதில் இரண்டு வரி சேருங்கள்: பாதுகாப்பு அப்டேட் எந்த வருடம் வரை, பூட்லோடரை வாங்கியவர் திறக்க முடியுமா. ஃபேர்ஃபோன் 5க்கு 2031 வரை, பிக்ஸல் 8க்கு 7 வருடம் என்று தயாரிப்பாளர்களே வெளிப்படையாகச் சொல்கிறார்கள், சொல்லாத கம்பெனிக்கு "தகவல் தரவில்லை" என்று போடுங்கள். அப்புறம் வங்கிகளையும் அரசுத் துறைகளையும் பேட்டி எடுக்கும் உங்கள் நிருபர்களிடம், ஆப் இல்லாமல் பிரௌசரிலேயே இந்தச் சேவை கிடைக்குமா என்று ஒவ்வொரு முறையும் ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். எங்களைப் போன்றவர்கள் கேட்டால் ரீசெட் பண்ணச் சொல்கிறார்கள், பத்திரிகை கேட்டால் வேறு பதில் வரும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்